மாவா, மண்ணா, வெண்டைக்காயா?

பள்ளிக்கூடம் பூட்டியதிலிருந்து பகல் முழுக்க வீட்டில் இரண்டு பேர். என் மகளுக்கு மூன்றரை வயது, அண்ணன் மகனுக்கு ஆறு. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போய்விடுவார்கள். நான் அம்மாப்பேட்டையில் வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறவள் என்பதால் அவனும் என் பொறுப்பு. சேலத்து மே மாத வெயிலில் பதினோரு மணிக்கு மேல் பிள்ளைகளை வாசலுக்குக்கூட விட முடியாது. வெயில் தாழ்கிறவரை ஐந்து மணி நேரம் ஓட்டியாக வேண்டும். சின்னவள் கொஞ்சம் தூங்குவாள். பெரியவன் கண்ணையே மூட மாட்டான்.

முதலில் எல்லாரையும் போல நானும் ஃபேன்சி கடைக்குத்தான் போனேன். கைவினைப் பெட்டி ஒன்று, 350 ரூபாய். உள்ளே வெட்டி வைத்த ஃபோம் துண்டுகள், ஒட்டுகிற கண்கள், மூடியில் ஓர் ஆந்தைப் படம். அந்தப் படத்தில் இருக்கிற மாதிரியே வர வேண்டும். வந்தது, ஆனால் செய்தது நான். ‘அத்தை, நீ செஞ்சு குடு’, ‘அம்மா, ஒட்டல’ என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எரிச்சலில், கிழித்துப் போட்ட காலண்டர் தாளில், கூப்பிட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு கோடு போட்டேன். 14 கோடு. அன்றைக்கு ஒரு ஜாக்கெட்டின் கைகூட முடியவில்லை. அந்த ஒட்டுகிற கண்ணில் ஒன்றைச் சின்னவள் வாய்க்குள்ளிருந்து எடுத்தது தனிக் கதை.

அதற்கப்புறம் எதைச் செய்தாலும் கோடு போடுவது வழக்கமாகிவிட்டது. வீட்டில் இருக்கிற பொருளை வைத்தே ஒன்றொன்றாகப் பார்த்தோம். பிள்ளைகள் செய்த பொருள் அழகாக இருக்கிறதா என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. என் கை எத்தனை தடவை உள்ளே போனது, முடிந்த பிறகு கூட்டித் துடைக்க எவ்வளவு நேரம் ஆனது, சின்னவள் வாயில் வைத்தால் என்ன ஆகும், இவ்வளவுதான் கேள்வி.

மாவிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதிகம் சண்டை நடந்தது அதில்தான். இரண்டு டம்ளர் மைதா, ஒரு டம்ளர் பொடி உப்பு, இரண்டு ஸ்பூன் சமையல் எண்ணெய், வெதுவெதுப்பான தண்ணீர் முக்கால் டம்ளரைக் கொஞ்சம் கொஞ்சமாக. பூரி மாவை விடக் கொஞ்சம் இளக்கமாகப் பிசைந்தால் போதும். கல்லுப்பு போட்டால் கையில் நறநறவென்று உறுத்தும். உப்பு எதற்கு இவ்வளவு என்றால், மாவு சீக்கிரம் கெடாது, அதோடு பிள்ளை ஒரு தடவை நக்கிவிட்டு இரண்டாம் தடவை நக்க மாட்டாள். மூடி போட்ட டப்பாவில் வைத்து ஃப்ரிஜ்ஜில் போட்டால் எங்கள் வீட்டில் ஒரு வாரம் தாங்கியது. நாய் வளர்க்கிறவர்கள் மட்டும் கவனம், இவ்வளவு உப்பைத் தின்றால் நாய்க்கு ஆபத்து.

கோடு எத்தனை தெரியுமா? ஒன்றே ஒன்று. அதுவும் டப்பா மூடி திறக்க முடியவில்லை என்று. சின்னவள் முக்கால் மணி நேரம் உருட்டினாள், தட்டினாள், பிய்த்தாள், மறுபடி உருட்டினாள். இதில் தப்பு என்று ஒன்று கிடையாது, பிடிக்காவிட்டால் உருட்டிப் புதுசாகத் தொடங்கலாம். மூன்று வயதுக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்க்கவில்லை. பெரியவனுக்கு ஆனால் பத்து நிமிஷத்தில் சலித்துவிட்டது. தட்டுவடை செட் கடை வைக்கச் சொன்னபோது மட்டும் உற்சாகமாகி, மாவில் தட்டை தட்டி, கேரட் துருவல் வைத்து, என் மாமியாருக்கு விற்றான்.

சண்டை அந்த மாமியாரிடமிருந்துதான் வந்தது. சாப்பிடுகிற மாவை விளையாடக் கொடுப்பதா என்று கேட்டார். நியாயமான கேள்வி, எனக்குப் பதில் இல்லை. வண்டு விழுந்து சலித்த பழைய மாவு என்று ஒரு தடவை சமாளித்தேன், ஒவ்வொரு வாரமும் வண்டு விழாது. அப்புறம் அவரே ஒரு வழி சொன்னார். கொழுக்கட்டைக்குக் கிளறுகிற மாதிரி அரிசி மாவைக் கொதிநீரில் கிளறி, ஆறியதும் கொஞ்சம் அவர்கள் கையில் கொடு, செய்ததை ஆவியில் வேகவைத்துத் தின்னட்டும் என்றார். பிரமாதமான யோசனை. மைதாவில் இழுபடும் பசைத்தன்மை உண்டு, அரிசி மாவில் அது கிடையாது. பச்சைத் தண்ணீரில் பிசைந்தால் விண்டு விண்டு போகும். கொதிநீர் பட்டதும் அரிசியின் மாவுச்சத்து வெந்து தானே பசையாகிப் பிடித்துக்கொள்ளும். கோதுமை ஒத்துக்கொள்ளாத பிள்ளை இருக்கிற வீட்டுக்கும் இதுதான் வழி. அன்றன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்பது ஒன்றுதான் குறை.

மாவைப் பற்றி இன்னொன்று, இது ஊரைப் பொறுத்தது. மின்விசிறிக்குக் கீழே சேலத்தில் பத்து நிமிஷத்தில் உப்பு மாவின் மேல் தோல் கட்டிவிடுகிறது, ஈரத்துணி பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஏற்காட்டில் இருக்கிற சித்தி வீட்டுக்கு ஒரு டப்பா கொண்டுபோனேன். அங்கே நேர் எதிர். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி 1,500 மீட்டர் உயரத்துக்குப் போனால், சாயங்காலம் மூடுபனி இறங்கிய பிறகு காற்றிலிருக்கும் ஈரத்தை எல்லாம் உப்பு உறிஞ்சிக்கொண்டது. மறுநாள் காலை டப்பாவுக்குள் மாவு இல்லை, கூழ் இருந்தது. மலையில் இருக்கிறவர்கள் இதில் இறங்க வேண்டாம். அவர்களுக்கு வேறு வசதி உண்டு, பிறகு சொல்கிறேன்.

களிமண்ணை மாவோடு சேர்த்துப் பார்ப்பது சரியில்லை என்று இப்போது தோன்றுகிறது. பார்க்க ஒரே மாதிரி வேலை, ஆனால் மண் பிள்ளைகளை வேறு விதமாகப் பிடித்துக்கொள்கிறது. பானை செய்கிறவரிடம் ஒரு உருண்டை கேட்டால், விநாயகர் சதுர்த்தி சமயம் தவிர, சும்மாவே கொடுத்துவிடுகிறார்கள். ஏரி மண்ணை நாமே தோண்டி வரலாம்தான். அதில் கண்ணாடிச் சில்லும் கம்பியும் கிடக்கும். பானைக்காரர் மண் சலித்து மிதித்தது, வெண்ணெய் மாதிரி இருக்கும்.

பெரியவன் இதில் விழுந்துவிட்டான். இரண்டு மணி நேரம் சத்தமே இல்லை. அடுப்பு, சட்டி, கரண்டி என்று ஒரு சமையலறையே செய்து திண்ணையில் வரிசையாக வைத்தான். கோடு இரண்டு. ஆனால் மறுநாள் பார்த்தால் எல்லாவற்றிலும் விரிசல். அழுகை. மண்ணின் வெளிப்பக்கம் முதலில் காய்ந்து சுருங்குகிறது, உள்ளே இன்னும் ஈரம், சுருங்காது. அந்த இழுபறியில்தான் வெடிக்கிறது. நாங்கள் செய்த தப்பு வெயிலில் வைத்தது. நிழலில், ஈரத்துணி போர்த்தி, இரண்டு மூன்று நாள் மெதுவாகக் காயவிட்டால் பெரும்பாலும் தப்பிக்கும். கட்டை விரல் தடிமனுக்கு மேல் எதுவும் வேண்டாம். சுடாத மண் எப்படியும் தண்ணீர் பட்டால் கரையும், அதை முன்னாலேயே பிள்ளையிடம் சொல்லிவிடுவது நல்லது.

கழுவுவதுதான் இதில் பெரிய செலவு. பிள்ளை, திண்ணை, துணி என்று எனக்கு நாற்பது நிமிஷம் போனது. மண் தண்ணீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாயில் தங்கிக் கெட்டியாகிவிடும். செடிக்கு ஊற்றிவிடலாம். மாடி வீட்டில், திண்ணையோ கொல்லையோ இல்லாமல் இருக்கிறவர்களுக்குக் களிமண்ணை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். மற்றவர்களுக்கு வாரம் ஒரு நாள்.

ஒரு எச்சரிக்கையை இங்கேயே சொல்லியாக வேண்டும். களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்க நம் பக்கம் குன்றிமணி வைப்போம். சிவப்பும் கறுப்புமாகப் பார்க்க அழகு, பிள்ளைகள் கையில் எடுக்காமல் இருக்க மாட்டார்கள். கடித்து நொறுங்கினால் அது கொடிய விஷம். சின்னப் பிள்ளை இருக்கிற வீட்டில் கண்ணுக்கு மிளகு போதும், அதையும் பெரியவர் கையால் அழுத்தி வையுங்கள். பொதுவாக, மூன்று வயதுக்காரர் பக்கத்தில் இருந்தால் மணி, பட்டன், கொலுசுச் சலங்கை எதுவும் மேஜைக்கு வரக்கூடாது என்று வைத்துக்கொண்டேன். எங்கள் ஊரில் கொலுசு வேலை நடக்கிற வீடுகளில் உதிரிச் சலங்கை மூலைக்கு மூலை கிடக்கும்.

காகிதம் எல்லோரும் முதலில் நினைப்பது. செலவே இல்லை, பழைய பேப்பர் எல்லா வீட்டிலும் உண்டு. ஆனால் எனக்குக் காகிதத்தில்தான் ஏமாற்றம் அதிகம். கப்பலும் விசிறியும் மடிப்பது மூன்றரை வயதுக்கு வராது, ஆறு வயதுக்குப் பாதி வரும். ஆடித் திருவிழாவில் எங்கள் ஊரில் குகை என்கிற பகுதியில் வண்டி வேடிக்கை பார்த்திருப்பீர்கள், வண்டிமேல் முருகனும் காளியுமாக வேஷம் கட்டி நிற்பார்களே. போன வருஷம் பார்த்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு பெரியவன் கிரீடம் கேட்டான். அட்டையில் கிரீடம், கத்தரிக்கோல், ஜிகினாத் தாள், சின்னவளுக்கும் ஒன்று. ஒன்பது கோடு, அதில் பாதி கத்தரிக்கோல் சண்டை. கிரீடம் என்னவோ ஜோராக வந்தது, ஒரு வாரம் இரண்டு பேரும் தலையில் வைத்துக்கொண்டே சாப்பிட்டார்கள். அதற்காக அதைத் தினமும் செய்யும் வேலையாக வைத்துக்கொள்ள முடியாது.

கத்தரிக்கோலை எடுத்துவிட்டுக் கையால் கிழிக்க விட்டதும் காகிதம் வேறு ஆனது. பேப்பரை மேலிருந்து கீழாகக் கிழித்தால் நூல் பிடித்தாற்போல் நேராக வரும், குறுக்கே கிழித்தால் கோணல்மாணல். ஆலையில் காகிதம் ஓடுகிற திசையிலேயே அதன் நார்கள் படுப்பதால் அப்படி. நான் சொல்லவில்லை, பெரியவனே கண்டுபிடித்து, ‘அத்தை, இந்தப் பக்கம் கிழிச்சா ரிப்பன் வருது’ என்று கத்தினான். நேர் துண்டுகள் அவனுக்கு, கோணல் துண்டுகள் அவளுக்கு. ஒரு பெரிய அட்டையில் ஒட்டி ஒரு மாமரம். ஒட்டுவது மட்டும் மாலை வரை ஓடியது.

பசை என்றால் கடையில் வாங்கும் பாட்டில் வேண்டாம், இங்கே நம் ஊருக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது, ஜவ்வரிசி இல்லாத வீடு இங்கே குறைவு. இரண்டு ஸ்பூன் ஜவ்வரிசியை ஊறவைத்து, ஒரு டம்ளர் தண்ணீரில் கண்ணாடி மாதிரி ஆகிறவரை காய்ச்சி, மசித்தால் பசை தயார். ஜவ்வரிசிக்குப் பதில் மரவள்ளிக் கிழங்கு மாவாக இருந்தால் முதலில் பச்சைத் தண்ணீரில் கரைத்துவிட்டு அடுப்பில் வையுங்கள், நேரே கொதிநீரில் போட்டால் கட்டி கட்டியாகிவிடும். எங்கள் அப்பா தறி ஓட்டிய காலத்தில் தெருவில் பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூலை, நீட்டிக் கஞ்சி போடுவார்கள், நூல் அறுந்து போகாமல் இருக்க. அதே வேலைதான் இதுவும், நூலுக்குப் பதில் காகிதம். மைதாவிலும் பசை காய்ச்சலாம். ஆனால் போஸ்டர் ஒட்டுகிறவர்களும் புத்தகம் பைண்டிங் செய்கிறவர்களும் பூச்சி வராமல் இருக்க மயில்துத்தம் கலப்பார்கள், அவர்களிடம் கேட்டு வாங்கிவந்து பிள்ளைகளிடம் கொடுத்துவிடாதீர்கள். துத்தம் விஷம். வீட்டுப் பசை இரண்டு நாளில் புளிக்கும், புளித்ததும் கொட்டிவிட்டுப் புதிதாகக் காய்ச்சுவதற்கு ஐந்து நிமிஷம்.

தறி என்றதும் சொல்ல வேண்டியது, அட்டைத் தறி. பழைய நோட்டு அட்டையின் மேல் ஓரத்திலும் கீழ் ஓரத்திலும் சின்னச் சின்ன வெட்டு போட்டு நூலை மேலும் கீழும் சுற்றினால் பாவு. நான் தைத்து மிச்சம் விழுகிற துணியை நாடாவாகக் கிழித்துக் கொடுத்தால் அது குறுக்கே ஓடும் ஊடு. ஒன்று மேலே, ஒன்று கீழே. முதல் நாள் ஏழு கோடு விழுந்தது, எல்லாம் அவன் வழி தவறியதால். இரண்டாம் நாள் ஒன்று. மூன்றாம் நாள் ஒன்றுமில்லை, கை விரிக்கிற அளவில் ஒரு துண்டு நெய்து தன் பாட்டிக்குச் சுருக்குப் பை என்று கொடுத்தான். முதல் நாளைத் தாங்கிக்கொள்கிற பொறுமை இருந்தால் ஆறு வயதுக்கு இதுதான் என் முதல் சிபாரிசு. சின்னவளுக்கு அட்டையில் நூலைச் சுற்றுவதோடு சரி.

வெளியே போக முடிகிற நேரத்துக்கு ஓலையும் இலையும். தென்னை ஓலையில் கடிகாரம், பாம்பு, பூவரச இலையில் பீப்பி, பனங்காய்க் குடுக்கை இரண்டைக் குச்சியில் செருகிக் கவட்டையால் தள்ளுகிற நுங்கு வண்டி. என் தலைமுறைக்குச் சொல்லித் தரவே வேண்டாம். ஆனால் இவற்றைச் செய்வது முழுக்கப் பெரியவர்கள், பிள்ளைகள் வாங்கி விளையாடுவதோடு சரி. கோடு போட ஆரம்பித்தால் தாளே போதாது. அப்பாவோ தாத்தாவோ சும்மா உட்கார்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைக்கு அதைத் தள்ளிவிட்டேன்.

மலையில் இருப்பவர்களுக்கு வசதி என்றேனே, அது இலைதான். காபித் தோட்டத்தில் நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரத்தின் இலை அடிப்பக்கம் வெள்ளி மாதிரி இருக்கும். அதைக் குப்புறப் போட்டு மேலே வெள்ளைத் தாள் வைத்து, மெழுகு வண்ணக் குச்சியைப் படுக்கவைத்துத் தேய்த்தால் நரம்பு நரம்பாக எழும்பி வரும். அதைவிட அதிசயம், ஈரப் பாறையோரம் முளைக்கிற ஒரு பெரணி. அடிப்பக்கம் வெள்ளைப் பொடி பூசினாற்போல் இருக்கும். கையின்மேல் வைத்துப் பட்டென்று தட்டி எடுத்தால் பச்சை குத்தின மாதிரி வெள்ளை இலை பதிந்துவிடும். சித்தி வீட்டில் இரண்டு நாளும் பிள்ளைகள் என்னைத் தேடவே இல்லை. இலை பொறுக்க விடுமுன் ஒன்று மட்டும் காட்டிக் கொடுங்கள்: நெடுஞ்சாலை நடுவில் பூத்துக் கிடக்கிற அரளியும், பால் வடிகிற எருக்கும் தொடக்கூடாது. அரளி முழுச் செடியுமே விஷம், எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு.

கடைசியாகக் காய்கறி அச்சு. இதை நான் நம்பிக்கை இல்லாமல்தான் தொடங்கினேன். ஒரு தட்டில் மடித்த ஈரத்துணி, அதன்மேல் வண்ணம், காயை ஒற்றித் தாளில் அழுத்தினால் அச்சு. வெண்டைக்காயில் ஐந்து இதழ்ப் பூ, பாகற்காயில் பல் பல்லாக வட்டம், வாழைமட்டையைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரிக் கட்டங்கள். வெட்டுவது மட்டும் என் வேலை, அதுவும் குழம்புக்கு நறுக்கும்போதே இரண்டு காம்பை ஒதுக்கி வைத்துவிட்டால் முடிந்தது. வண்ணம் தண்ணீராக இருந்தால் ஓடிப் பரவும், அந்த ஜவ்வரிசிக் கஞ்சியையே இதிலும் கலந்து கெட்டியாக்கிக்கொள்ளலாம்.

வண்ணத்துக்கும் சமையலறையைத் தாண்டவில்லை. பீட்ரூட் சாறு, மஞ்சள் தூள். மஞ்சள் கரைசலில் ஒரு சிட்டிகை ஆப்பச் சோடாவைப் போட்டபோது குங்குமச் சிவப்பாக மாறியதும் இரண்டு பேரும் வாயைப் பிளந்துவிட்டார்கள். மஞ்சளில் சுண்ணாம்பு கலந்தால் ஆரத்தி ஆகிறதே, அதே காரணம்தான். மஞ்சள் கறை பட்ட வேட்டியில் சோப்புப் போட்டால் சிவப்பதும் அதனால்தான். சுண்ணாம்பு பிள்ளைகள் கைக்கும் கண்ணுக்கும் ஆகாது, சோடா போதும். அதிலேயே எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விட்டால் பொங்கிக்கொண்டு மறுபடி மஞ்சள். இந்த விளையாட்டே ஒரு மணி நேரம் ஓடியது, அச்சை மறந்தே போனார்கள். பீட்ரூட்டும் மஞ்சளும் வெளிச்சத்தில் சில நாளில் வெளுத்துவிடும், சுவரில் மாட்டி வைக்க ஆசைப்படுகிறவர்கள் கடையில் விற்கும் வண்ணத்துக்குப் போகலாம். எங்கள் வீட்டில் மறுநாளே புதுத் தாள் வந்துவிடுவதால் கவலையில்லை.

கோடு மூன்று. ஆனால் மூன்றும் ‘இங்க வந்து பாரு’ என்று கூப்பிட்டது, அதைக் கோட்டில் சேர்க்கலாமா என்று எனக்கே சந்தேகம். வயது வித்தியாசமும் இதில் உறுத்தவில்லை. சின்னவள் ஒரே இடத்தில் நாற்பது வெண்டைக்காய் குத்தினாள், பெரியவன் தாளின் ஓரத்தில் வரிசை பிடித்துச் சேலை பார்டர் போட்டான். துடைக்கப் பத்து நிமிஷம்.

ஆகவே எங்கள் வீட்டுக் கணக்கு இப்படி ஆகிவிட்டது. பெரியவன் இல்லாத நாளில் சின்னவளுக்கு மாவு, அரிசி மாவாக இருந்தால் மாமியாரும் சந்தோஷம். அவள் தூங்கும் நேரத்தில் அவனுக்கு அட்டைத் தறி. மண் சனிக்கிழமை. இரண்டு பேரும் ஒன்றாக இருக்கிற மற்ற நாட்களுக்கெல்லாம் அச்சு, அது சலித்தால் கிழித்து ஒட்டுவது. 350 ரூபாய் ஆந்தை பீரோவுக்கு மேல் இருக்கிறது, அதன் மீதிக் கண்ணும் எங்கேயோ விழுந்துவிட்டது.

வெண்டைக்காய் விஷயத்தில் ஒரு சின்னக் குறிப்பு. பிஞ்சு அச்சுக்கு ஆகாது. அழுத்தினதும் நசுங்கி, கொழகொழவென்று வழுக்கும். உழவர் சந்தையில் எல்லாரும் நுனியை ஒடித்துப் பார்த்து, ஒடிந்ததை எடுத்துக்கொண்டு போவார்கள். நீங்கள் ஒடியாததைக் கேளுங்கள். தேவையானது நாலே நாலு காய்தான், காசுகூட வாங்க மாட்டார்கள். அறுத்து ஒரு மணி நேரம் காற்றாட வைத்துவிட்டுக் கொடுங்கள்.